நாடகத்தில் தொடங்கிய நாவலாசிரியர் சி. வி. ராமன் பிள்ளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு தக்கலையில். பத்மநாபபுரம் அரண்மனை நடந்து போகிற தூரம்தான் என்பதால் விருந்தாளிகள் யார் வந்தாலும் முதல் நாளே அங்கே கூட்டிப் போய்விடுவோம். அந்த மரப்படிகளில் ஏறி இறங்கும்போது நான் சி.வி.யின் நாவலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன், கேள்விகளும் வந்துகொண்டே இருக்கும். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கூட வேலை பார்த்தவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்து ஒரே இடத்தில் வைத்துவிட்டேன்.

"சி.வி. ராமன்னா நோபல் பரிசு வாங்கின விஞ்ஞானிதானே? அவரு நாவலும் எழுதினாரா?"

இல்லை, இவர் வேறு. சர் சி. வி. ராமன் திருச்சிக்காரர், இயற்பியலாளர். நான் சொல்வது சி. வி. ராமன் பிள்ளை. 1858 மே 19-ல் திருவனந்தபுரத்தில் பிறந்து 1922 மார்ச் 21-ல் காலமானவர். மலையாளத்தின் முதல் வரலாற்று நாவலான 'மார்த்தாண்ட வர்மா'வை எழுதினார், அது 1891-ல் வந்தது. கேரளத்தில் வெறுமனே 'சி.வி.' என்றாலே இவரைத்தான் நினைப்பார்கள். நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

"நம்ம ஜில்லாக்காரரா?"

இல்லை. அவர் பிறந்ததும் வாழ்ந்ததும் திருவனந்தபுரம். ஆனால் அவர் காலத்தில் 'நம்ம ஜில்லா' என்று தனியாக ஒன்று கிடையாதே. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தெற்குத் தாலுகாக்கள். 1956 நவம்பர் 1-ல்தான் அவை பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சி.வி.க்குப் பத்மநாபபுரம் என்பது தன் ராஜ்யத்தின் பழைய தலைநகரம். அதனால்தான் அவருடைய பெரிய நாவலில் பாதி நம் மண்ணில் நடக்கிறது. எழுதியவர் அந்தப்பக்கம், கதை இந்தப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நாடகத்துல இருந்து வந்தவர்னு சொல்றீங்களே, வேஷம் கட்டி நடிச்சவரா?"

நான் அப்படிச் சொல்லும்போது டி.கே.எஸ். சகோதரர்கள் மாதிரி கம்பெனி நாடகத்தில் வளர்ந்தவர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அவர் நாடகம் எழுதியவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் படித்து 1881-ல் பி.ஏ. தேறினார். மூன்று வருஷம் போல் கழித்து, 1884 வாக்கில், 'சந்திரமுகீ விலாசம்' என்று ஒரு நாடகம் எழுதினார். அவருடைய இலக்கிய வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது. அடுத்ததாக 'மத்த விலாசம்' எழுதினார், அதுவும் நாடகம். நாவல் இவ்விரண்டுக்கும் பிறகுதான்.

இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளைத் திருப்பினால் பெரும்பாலும் நாவல்களைத்தான் விரிவாகப் பேசுவார்கள், நாடகங்கள் கடைசிப் பத்தியில் பெயர்ப்பட்டியலாக நிற்கும். அவர் நாவல்களுக்குள் போகிற வாசலே நாடகம்தான் என்பது என் எண்ணம். ஏன் என்று கீழே வருகிறேன்.

"என்ன மாதிரி நாடகம்? அரிச்சந்திரா, வள்ளி திருமணம் மாதிரி பாட்டு நாடகமா?"

அதற்கு நேர் எதிர். அன்றைய மேடை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். 1882-ல் கேரளவர்ம வலிய கோயித்தம்புரான் காளிதாசரின் சாகுந்தலத்தை மலையாளத்தில் கொண்டுவந்தார். அதைப் பார்த்து வடமொழி நாடகங்களின் மொழிபெயர்ப்புகளும் அதே அச்சில் வார்த்த புது நாடகங்களும் குவிந்தன, எல்லாவற்றிலும் சுலோகம் நிறைய. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் இருந்து போன கம்பெனிகளின் சங்கீத நாடகங்களுக்கு அங்கே பெரிய மவுசு, அதைப் பார்த்து மலையாளத்திலும் சங்கீத நாடகம் எழுதத் தொடங்கினார்கள். ஆக ஒரு மேடையில் சுலோகம், இன்னொரு மேடையில் பாட்டு. சாதாரண மனிதன் பேசுகிற பேச்சுக்கு இரண்டிலும் இடம் குறைவு.

சி.வி. எழுதியது பிரகசனம், அதாவது சிரிப்பு நாடகம். உரைநடையில், திருவனந்தபுரத்து வீடுகளில் உண்மையிலேயே பேசுகிற பேச்சில் எழுதினார். ராஜாவும் தேவரும் கிடையாது, அன்றைய உத்தியோகஸ்தர்கள், புதுசாக இங்கிலீஷ் படித்தவர்கள், அவர்களுடைய பெண்டாட்டிகள், சமையற்காரர்கள், வேலைக்காரர்கள்தான் பாத்திரங்கள். 'குறுப்பில்லாக் களரி' (1909) என்று ஒரு நாடகம். களரி சொல்லிக்கொடுக்கிற ஆசானுக்குக் குறுப்பு என்று பெயர், ஆசான் இல்லாத களரி எப்படி இருக்கும் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. 'டாக்டர்க்குக் கிட்டிய மிச்சம்', 'பட்லர் பப்பன்' என்று வேறு சிலவும் உண்டு. பேர்களைப் பார்த்தாலே எந்த மாதிரி ஆட்களைப் பிடித்து மேடையில் நிறுத்தினார் என்று தெரியும்.

"அப்புறம் ஏன் நாவலுக்குப் போனாரு? நாடகம் சரியா ஓடலையா?"

நாடகம் தோற்றதால் நாவலுக்குப் போனார் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் கடைசிவரை பிரகசனம் எழுதிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் சுலோகம் நிறைந்த மேடை, பாட்டு நிறைந்த மேடை என்று மேலே சொன்னேன் இல்லையா, அதில் அவர் மனதில் இருந்த பெரிய கதை அடங்காது. ஒரு ராஜ்யம் ஆட்டம் காண்கிறது, காடு, அரண்மனை, பட்டாணிய (பதான்) வியாபாரிகளின் கூடாரம், தீப்பிடித்த வீடு, ஐம்பது ஆட்கள். அதற்கு உரைநடைக் கதைதான் சரியான இடம்.

இங்கிலீஷில் வால்டர் ஸ்காட்டின் வரலாற்று நாவல்களைப் படித்த தலைமுறை அவருடையது. மாறுவேடத்தில் திரும்பி வருகிற வீரன், நாடு இரண்டாகப் பிரிந்து நிற்பது, இதெல்லாம் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ'வில் உண்டு. அந்த ஒப்பீடு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1889-ல் சந்து மேனோனின் 'இந்துலேகா' வந்து மலையாள நாவலுக்கு வழி திறந்துவிட்டது (தமிழில் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-லேயே வந்துவிட்டது). இரண்டே வருஷத்தில் 'மார்த்தாண்ட வர்மா'. அச்சானது சென்னையில்.

"வயித்துப் பாட்டுக்கு என்ன செய்தாரு?"

அரசாங்க உத்தியோகம். திருவிதாங்கூர் உயர்நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து மேலே வந்தார், பின்னால் அரசு அச்சகத்தின் சூப்பிரண்டென்ட் ஆனார். பத்திரிகைகளும் நடத்தினார். கல்லூரியில் தனக்குப் பாடம் எடுத்த ராஸ் என்ற பேராசிரியரின் நினைவாகத் தன் வீட்டுக்கு 'ராஸ்கோட்' என்று பெயர் வைத்தார். ஒரு மாணவன் இப்படிச் செய்வது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

"சரி, மார்த்தாண்ட வர்மா கதை என்ன? நாலு வரியில சொல்லுங்க."

நாலு வரி போதாது, முயற்சி செய்கிறேன். ராஜா ராமவர்மா படுக்கையில் கிடக்கிறார். திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மருமக்கள் வழி, ராஜாவின் மகனுக்குப் பட்டம் கிடையாது, சகோதரியின் மகனுக்குத்தான். அதன்படி வாரிசு இளவரசர் மார்த்தாண்ட வர்மா. ஆனால் ராஜாவின் மக்களான பப்புத்தம்பியும் (பத்மநாபன் தம்பி) ராமன் தம்பியும் பட்டத்துக்கு ஆசைப்படுகிறார்கள், எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பலம்பொருந்திய பிரபுக்கள் அவர்கள் பக்கம். இளவரசருக்கு உயிர்பிழைப்பதே பெரும்பாடு.

இதற்கு நடுவே, இளவரசரின் நண்பன் அனந்தபத்மநாபன் ஒரு காட்டில் வெட்டுப்பட்டுக் காணாமல் போகிறான். செத்துப்போனான் என்று எல்லோரும் நினைக்க, அவனைக் காதலிக்கும் பாருக்குட்டி மட்டும் நம்ப மறுக்கிறாள். சுபத்ரா என்ற பெண் எதிரிகளின் உறவுக்காரியாக இருந்துகொண்டே, தன் புத்தியையும் துணிச்சலையும் வைத்து இளவரசரின் பக்கத்தைக் காப்பாற்றுகிறாள். தலைப்பில் இருப்பது ராஜாவின் பெயர், ஆனால் படித்து முடித்தபின் மனதில் நிற்பது சுபத்ராதான்.

"கதையில வர்ற இடமெல்லாம் இப்பவும் இருக்கா? போய்ப் பார்க்க முடியுமா?"

முடியும். நாவலைப் படித்துவிட்டு நடந்து பார்க்க இதைவிட வசதியான ஊர் கிடையாது. முதலில் பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. கதை நடக்கும் காலத்தில் இந்த இடத்துக்குக் கல்குளம் என்று பெயர், மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் பத்மநாபபுரம் ஆனது. இன்று நாம் பார்க்கிற கட்டடங்களில் பலவும் அவர் பின்னாளில் கட்டியவை. ஆகவே கதையின் இளவரசர் ஓடி ஒளிந்த அரண்மனை, இப்போது நாம் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற அரண்மனையைவிடச் சின்னது என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தாய்க்கொட்டாரம் என்கிற பழைய பகுதியில் நின்றால் அந்தக் காலம் கொஞ்சம் கைக்கு எட்டும்.

அப்புறம் சாரோடு. நாவலில் இளவரசர் எதிரிகளிடம் இருந்து தப்பும் சாரோட்டு அரண்மனை அதுதான், பத்மநாபபுரத்தில் இருந்து பக்கம். இரண்டுக்கும் நடுவே சுரங்கப்பாதை உண்டு என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். நான் சின்ன வயதில் என் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுரங்கவாயைத் தேடி அரண்மனை முழுக்கச் சுற்றியிருக்கிறேன். சாரோட்டில் இருந்து தப்பும் இளவரசருக்கு மாங்கோய்க்கல் குறுப்பு என்ற களரி ஆசான் அடைக்கலம் கொடுக்கிறார், எதிரிகள் அந்த வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். இந்தப் பகுதியைப் படிக்கும்போது வேளிமலையைப் பார்த்துக்கொண்டே படித்துப்பாருங்கள். அனந்தபத்மநாபன் வெட்டுப்படும் பஞ்சவன்காடும் நம் பக்கத்துக் காடுதான், நீலி என்ற யட்சியின் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் காடு.

"குளச்சல் போர் வருமா? டிலனாய் வருவாரா?"

வரமாட்டார்கள். கதை 1729-ல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வருவதற்கு முந்தைய கொந்தளிப்பு. குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது 1741 ஆகஸ்ட் 10-ல். அந்தப் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயைப் பார்க்க வேண்டுமானால் உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறைக்குப் போங்கள்.

"இதெல்லாம் நடந்த சரித்திரமா, கட்டுக்கதையா?"

இரண்டும் கலந்தது. மார்த்தாண்ட வர்மா, அவருக்கு முன்னால் ஆண்ட ராமவர்மா, தம்பிமார் ஆகியோர் இருந்தவர்கள். தம்பிமார் கொல்லப்பட்டதும் பிள்ளைமாரின் பலம் ஒடுக்கப்பட்டதும் திருவிதாங்கூர் வரலாற்று நூல்களில் உண்டு. சுபத்ரா, பாருக்குட்டி, அவர்களைச் சுற்றி வரும் காதல், சதி எல்லாம் சி.வி. படைத்தவை.

ஆனால் நம் ஊர் ஆட்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இதே சம்பவத்தை வில்லுப்பாட்டில் 'தம்பிமார் கதை' என்று பாடுவார்கள், தமிழ்க் கதைப்பாட்டு. அதில் கதை தலைகீழ். தம்பிமாரின் தங்கையை ராஜா பெண் கேட்கிறார், அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் உண்டா என்று அண்ணன்மார் கேட்கிறார்கள், அதில் பகை முற்றி ராஜா அவர்களைக் கொல்கிறார். பாட்டு முழுக்கத் தம்பிமார் மேலும் அந்தத் தங்கை மேலும்தான் இரக்கம். தென் திருவிதாங்கூரின் இந்த மாதிரிக் கதைப்பாட்டுகளைத் தெற்கன் பாட்டுகள் என்பார்கள், சி.வி.க்கு அவை நன்றாகவே தெரியும், அவற்றில் இருந்து எடுத்தும் இருக்கிறார், ஆனால் ராஜாவின் பக்கம் நின்று எழுதினார். நாவலை மட்டும் படித்தவர்கள் தம்பிமாரை வில்லன்களாக நினைக்கிறார்கள், கொடைவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள் அப்படி நினைப்பதில்லை. எது உண்மை என்று என்னைக் கேட்டால், இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

"அனந்தபத்மநாபன் நாடார் சமூகத்து ஆளுதானே? நாவல்ல ஏன் மாத்தினாரு?"

தக்கலையில் இந்தக் கேள்வி வராமல் பேச்சு முடியாது. அனந்தபத்மநாபன் என்ற பெயரில் மார்த்தாண்ட வர்மாவுக்குத் துணை நின்ற நாடார் வீரர், களரி ஆசான் ஒருவரைப் பற்றி நம் மாவட்டத்தில் வாய்வழி நினைவு பலமாக இருக்கிறது. நாவலில் அனந்தபத்மநாபன் நாயரான திருமுகத்துப் பிள்ளையின் மகன். ஆனால் அதே நாவலில் அவன் கட்டுகிற வேஷங்களில் முக்கியமானது, பைத்தியம் பிடித்த சான்னார் (நாடார்களை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) வேஷம். இளவரசரை ஆபத்தில் இருந்து காப்பாற்றுவது அந்த வேஷத்தில்தான், சான்னார் மக்களும் அவன் கூட நிற்கிறார்கள்.

சி.வி. ஒருவரைத் தெரிந்தே மறைத்தார் என்று நான் எழுதமாட்டேன். ஆனால் ராஜாவைக் காத்ததில் அந்த மக்களுக்குப் பங்கு உண்டு என்ற நினைவு அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது, அதை அவர் வேஷமாக மாற்றி நாயர் நாயகனின் உடம்பில் போட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் வருத்தம் நியாயமானது.

"வேஷம், வேஷம்னு சொல்றீங்க. ஒரே ஆளு நாலு வேஷத்துல வந்தா நம்புற மாதிரி இருக்குமா? ரொம்ப நாடகத்தனமா இல்லையா?"

இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்கிற விமர்சகர்களும் உண்டு. அனந்தபத்மநாபன் ஒரு இடத்தில் சான்னார், ஒரு இடத்தில் பட்டாணி வியாபாரிகளோடு ஷம்சுதீன், ஒரு இடத்தில் காசிவாசி. சுபத்ராவைத் தவிக்கவிட்டுப் போன புருஷனும் பீராம்கான் என்ற பெயரில் அதே பட்டாணியர் கூட்டத்தில் இருக்கிறான்.

ஆனால் மேலே சொன்ன பிரகசனக்காரரை மனதில் வைத்துப் படித்துப்பாருங்கள். குமரியின் மேற்குப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் கதகளி பார்த்தவர்களுக்குத் 'திரைநோக்கு' தெரியும். திரைச்சீலையை இரண்டு பேர் பிடித்திருப்பார்கள், உள்ளே வேஷம் நிற்கும். முதலில் கிரீடத்தின் நுனி, அப்புறம் விரல்கள் திரையைப் பற்றுவது, அப்புறம் கண், கடைசியில்தான் முழு முகம். சி.வி. பாத்திரங்களை அறிமுகம் செய்வது அப்படியே. ஓர் ஆள் இருட்டில் நடந்து வருவான். உடை, நடை, குரல், கையில் இருக்கிற ஆயுதம் எல்லாம் வந்துவிடும், பெயர் மட்டும் வராது, அத்தியாயங்கள் தாண்டித்தான் யாரென்று தெரியும். அத்தியாயங்களின் தலையில் ஆட்டக்கதை (கதகளிக்கான பாட்டு) முதலிய பழைய பாட்டுகளின் வரிகளை வைத்திருப்பதும் சும்மா இல்லை, கொட்டு அடித்துவிட்டுத் திரையைத் தாழ்த்துவதற்குச் சமம் அது.

இன்னொன்று பேச்சு. வர்ணனை எழுதும்போது அவர் நடை வடமொழி ஏறிய கனமான நடை, மூச்சு முட்டும். பாத்திரம் வாயைத் திறந்ததும் எல்லாம் மாறிவிடும். சதிகாரனான சுந்தரய்யன் தமிழ் கலந்து பேசுவான், பட்டாணியர் ஒரு மாதிரி, அரண்மனைக்காரர்கள் ஒரு மாதிரி, தெற்கத்திக்காரர்கள் வேறு மாதிரி. பேர் போடாமல் வசனத்தை மட்டும் கொடுத்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இது மேடைக்கு எழுதிப் பழகிய கை. என் மாமா மலையாளம் படித்த தலைமுறை. அவர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து இந்த நாவலைச் சத்தமாக வாசிப்பார், சுந்தரய்யன் வந்தால் மட்டும் எங்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. கண்ணால் படிக்கும்போது திகட்டுகிற இடங்கள் வாய்விட்டு வாசிக்கும்போது சரியாக விழுகின்றன. இதைச் செய்து பார்க்காமல் 'நாடகத்தனம்' என்று ஒதுக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

"முதல் நாவலே இவ்வளவு பேரு வாங்கிச்சே, அடுத்தது எப்போ வந்துச்சு?"

22 வருஷம் கழித்து! 'தர்மராஜா' 1913-ல்தான் வந்தது. உத்தியோகம், பத்திரிகை, பொது வேலை என்று இடையில் வாழ்க்கை ஓடிவிட்டது. ஆனால் வருஷங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1884-ல் பிரகசனம், 1891-ல் நாவல். நீண்ட மௌனம். 1909-ல் 'குறுப்பில்லாக் களரி', 1913-ல் 'தர்மராஜா'. இரண்டு முறையும் நாடகம் முன்னால் வந்து கதவைத் திறந்திருக்கிறது, நாவல் பின்னால் வந்திருக்கிறது. பாத்திரங்களைப் பேசவைத்துக் காது பழகிய பிறகுதான் அவருக்குப் பெரிய கதை வந்தது என்று நினைக்கிறேன். நாடகத்தைக் கடைசிப் பத்தியில் போடுகிறவர்களோடு எனக்கு உள்ள சண்டையும் இதுதான்.

"மத்த நாவல்கள் எதைப் பத்தி?"

'தர்மராஜா' அடுத்த ராஜாவான கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலம். எட்டு வீட்டாரின் வம்சத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் பழிவாங்க வருவதுதான் கதை, ஹரிபஞ்சானனன் என்ற யோகி வேஷத்தைப் பார்த்தால் திரைநோக்கு பற்றி நான் சொன்னது இன்னும் தெளிவாகும். 'ராமராஜபகதூர்' (1918-19) இரண்டு பாகம், திப்பு சுல்தானின் படையெடுப்புக் காலம். இந்த இரண்டிலும் வருகிற கேசவ பிள்ளைதான் பின்னால் திவானான ராஜா கேசவதாஸ், விளவங்கோட்டுப் பக்கத்துக்காரர். 'பிரேமாமிருதம்' என்று ஒரு சமூக நாவலும் உண்டு. அது மற்ற மூன்றின் உயரத்துக்கு வரவில்லை.

"மலையாளி மெமோரியல் எழுதினவங்க கூட்டத்துல இவரும் உண்டாமே? அப்போ தமிழருக்கு எதிரானவருதானே?"

முதல் பாதி உண்மை. 1891-ல், நாவல் வந்த அதே வருஷம், பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு மனு ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவுக்குப் போனது. பெரிய உத்தியோகங்களை வெளியில் இருந்து கொண்டுவருகிற பிராமணர்களுக்கே கொடுக்கிறீர்கள், நாட்டில் பிறந்து படித்தவர்களுக்குக் கொடுங்கள் என்பது சாரம். ஜி. பி. பிள்ளை முன்னால் நின்றார், சி.வி. அதில் தீவிரமாக வேலை செய்தார். வெளியில் இருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பிராமணர்கள்.

அது உத்தியோகத்துக்கான சண்டை, நாஞ்சில் நாட்டு உழவனையோ குளச்சல் மீனவரையோ எதிர்த்த சண்டை இல்லை. ஆனால் 'மலையாளி' என்ற பெயரில் நாட்டின் உரிமையைக் கேட்டபோது, அதே நாட்டில் பிறந்து தமிழ் பேசிய நம் முன்னோர்கள் அந்தப் பெயருக்குள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது. சுந்தரய்யனைப் படிக்கும்போதும் இந்தக் கசப்பின் சாயல் தெரியும். நான் அவரை நேசித்துப் படிக்கிறவன், அதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

"சினிமாவா வந்ததா?"

வந்தது, அதுவும் நாகர்கோவிலில் இருந்து! முதல் மலையாளப் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே. சி. டானியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர் என்பது பலருக்குத் தெரியும். அவருடைய உறவினரான ஆர். சுந்தர்ராஜ் 1933-ல் 'மார்த்தாண்ட வர்மா'வை மௌனப்படமாக எடுத்தார், இயக்கியவர் பி. வி. ராவ். மலையாளத்தின் இரண்டாவது படம் அது. நாவலின் உரிமை தங்களிடம் இருக்கிறது என்று பதிப்பாளர்களான கமலாலயா புத்தக டிப்போ வழக்குப் போட, படம் நின்றுபோனது. படச்சுருள் பதிப்பாளரிடமே கிடந்து 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனது. வழக்கு வந்ததால்தான் பெட்டியில் பத்திரமாக இருந்தது, 'விகதகுமார'னில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

"குடும்பத்துல வேற யாராவது நாடகத்துக்கு வந்தாங்களா?"

மருமகன் ஈ. வி. கிருஷ்ண பிள்ளை மலையாளத்தின் பெயர்பெற்ற நகைச்சுவை எழுத்தாளர், நாடகாசிரியர். ஈ.வி.யின் மகன் அடூர் பாசி, மலையாள சினிமாவின் பெரிய நகைச்சுவை நடிகர். தாத்தாவின் பிரகசனச் சிரிப்பு பேரன் வழியாகத் திரைக்கு வந்துவிட்டது.

"மார்த்தாண்டம் ஊருக்குப் பேரு இந்த நாவலால வந்ததா?"

நாவலால் இல்லை. ராஜாவின் பெயரால் என்றுதான் சொல்வார்கள். பழைய பெயர் தொடுவெட்டி, பெரியவர்கள் வாயில் இன்னமும் வரும்.

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. தமிழ்ல கிடைக்குமா?"

'மார்த்தாண்ட வர்மா'வுக்கு 1954-லேயே தமிழ் மொழிபெயர்ப்பு வந்தது, பிற்பாடு சாகித்திய அகாதமியும் ஒன்று வெளியிட்டது. பழைய நூலகங்களில் கேட்டுப்பாருங்கள். முதல் இரண்டு அத்தியாயம் கடினமாக இருக்கும், யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். சாரோட்டுப் பகுதி வந்துவிட்டால் பிறகு கீழே வைக்க மாட்டீர்கள். ஒரு குறை உண்டு, மேலே சொன்ன அந்தப் பேச்சு வேறுபாடுகள் தமிழில் பெரும்பாலும் சமமாகிவிடும். அதனால் மலையாளம் தெரிந்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் மூலத்தில் இருந்து சுந்தரய்யன் வருகிற ஒரு அத்தியாயத்தையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"எல்லாரையும் காப்பாத்தினவ சுபத்ரா. அவளை ஏன் கொன்னாரு?"

(முடிவு தெரியவேண்டாம் என்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம்.) இதை முதலில் கேட்டது என் அம்மா. இளவரசர் ஜெயித்துவிடுகிறார், அனந்தபத்மநாபன் உயிரோடு வந்து பாருக்குட்டியைச் சேர்கிறான், அவன் தன் சகோதரன் என்பதும் பீராம்கான் தன்னைவிட்டுப் போன புருஷன் என்பதும் சுபத்ராவுக்குத் தெரிகிறது. எல்லாம் கைகூடும் நேரத்தில் எட்டு வீட்டுப் பிள்ளைமாரில் ஒருவரான குடமண் பிள்ளை அவளை வெட்டிக் கொல்கிறார். அவளைக் காப்பாற்றும் நேரம் தவறிப்போகிறது.

பிரகசனம் எழுதியவர் நினைத்திருந்தால் கடைசிக் காட்சியில் அத்தனை பேரையும் ஒன்றாக நிறுத்தி மங்களம் பாடியிருக்கலாம், மேடையில் அதுதான் வழக்கம். இங்கே மட்டும் அவர் மேடையின் வழக்கத்தை மீறினார். ராஜாவுக்கு நாடு கிடைக்கிறது, அதை வாங்கிக் கொடுத்தவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ராஜாவால் அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. மாமா அந்தப் பக்கத்தை வாசித்த ராத்திரி அம்மா பாதியில் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். மாமா மீதி இருந்த பக்கங்களை அன்று வாசிக்கவில்லை, மறுநாள் அம்மா உட்கார்ந்த பிறகுதான் வாசித்தார்.